ஃபோட்டோஃபீலர்: மூன்று மதிப்பெண், ஒரே முகம்

லிங்க்ட்இன்னுக்கு எந்தப் படம் போடலாம் என்று வீட்டில் கேட்டால், எதைக் காட்டினாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். தெரிந்தவர்கள் கண்ணுக்கு அந்தப் படத்தில் உங்கள் குணமும் சேர்ந்தே தெரியும். முன்பின் தெரியாதவர் கண்ணில் எப்படிப் படுகிறோம் என்று பார்க்கத்தான் ஃபோட்டோஃபீலர் என்ற இணையச் சேவை. படத்தை ஏற்றினால் அறிமுகமில்லாதவர்கள் பார்த்து வாக்குப் போடுவார்கள். வேலை தேடுபவர்களுக்கு இது பயன்படும். ஆனால் வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் இறங்கினால் வீண் மனக்கஷ்டம்தான் மிஞ்சும்.

பிசினஸ், சோஷியல், டேட்டிங் என மூன்று பிரிவுகள். பிசினஸில் திறமைசாலி, பழக இனியவர், செல்வாக்கு உள்ளவர் என்ற மூன்று குணங்களுக்கு வாக்கு. டேட்டிங்கில் புத்திசாலி, நம்பகமானவர், கவர்ச்சியானவர். ஒவ்வொரு குணத்துக்கும் 'இல்லை, ஓரளவு, ஆம், மிகவும்' என நான்கு படிகள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். கறாராகப் போடுபவர், தாராளமாகப் போடுபவர் என்ற வித்தியாசத்தைச் சரிக்கட்டித்தான் கணக்கிடுகிறார்கள். அடுத்தவர் படங்களுக்கு நீங்கள் வாக்களித்தால் 'கர்மா' ஏறும், உங்கள் படத்துக்கும் இலவசமாக வாக்கு விழும். பொறுமை இல்லாதவர்கள் காசு கொடுத்து கிரெடிட் வாங்கலாம்.

சேவையின் பெரிய ஓட்டை அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஒரு படம், அதன் கீழே மூன்று குணங்கள், ஒரே மூச்சில் மூன்றுக்கும் வாக்கு. 1920-லேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதில் உள்ள வில்லங்கத்தைக் காட்டிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். ஒன்றில் அதிகம் வாங்கியவர் எல்லாவற்றிலும் அதிகம் வாங்கினார், அதுவும் நம்ப முடியாத அளவுக்கு. ஒட்டுமொத்த அபிப்பிராயம் ஒன்று மனதில் விழுந்துவிட்டால் தனித்தனி எண் எல்லாம் அதன் நிழல்தான். இதைத்தான் ஹேலோ எஃபெக்ட் என்கிறார்கள்.

அழகுக்கும் இதே கதைதான். 1972-இல் டியான், பெர்ஷைட், வால்ஸ்டர் மூவரும் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர்கள் 60 பேரிடம் ஆளுக்கு மூன்று படங்களைக் கொடுத்தார்கள்: ஒருவர் அழகானவர், ஒருவர் சுமார், ஒருவர் அழகில் பின்தங்கியவர். நல்ல குணம், நல்ல வேலை, நல்ல மணவாழ்க்கை எல்லாம் அழகானவருக்கே அமையும் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். நல்ல பெற்றோராக இருப்பார்களா என்ற கேள்வியில் மட்டும் அழகு எடுபடவில்லை.

இந்த மயக்கம் எல்லாக் குணத்திலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை என்பதுதான் மதிப்பெண் படிக்கிறவர்களுக்கு முக்கியம். ஆலிஸ் ஈக்லியும் குழுவினரும் 1991-இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, நாலு பேரோடு பழகும் சாமர்த்தியத்தில் அழகின் தாக்கம் மிக அதிகம், அறிவில் நடுத்தரம், நேர்மையிலும் அடுத்தவர் மேல் அக்கறையிலும் ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. எனவே 'நம்பகமானவர்' மதிப்பெண் குறைந்தால் முகத்தை நொந்துகொள்ள வேண்டாம், முகபாவத்தைப் பாருங்கள். லேசான சிரிப்பு அந்த எண்ணைத் தூக்கும், இறுகிய உதடும் சுருக்கிய புருவமும் இறக்கும்.

இனி சோதிக்கும் முறை. குறைந்தது மூன்று படம் எடுங்கள், ஒன்றுக்கொன்று ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்க வேண்டும்: சட்டை, அல்லது சிரிப்பு, அல்லது பின்னணி. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எண் ஏறியது எதனால் என்று தெரியாது. பிசினஸ் பிரிவில் பதவியின் பெயர் கேட்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர் கொடுங்கள், 'மேனேஜர்' என்று போட்டதையும் 'டிரெய்னி' என்று போட்டதையும் ஒப்பிடவே கூடாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பின்னால் தெரியும் கம்பெனி பெயர்ப்பலகை இரண்டும் படத்தில் வேண்டாம். பார்க்கப்போவது ஊர் பேர் தெரியாதவர்கள்.

பலர் கோட்டை விடுவது கேமரா தூரத்தில். ஒரு அடியில் வைத்து எடுத்த செல்ஃபியில், ஐந்து அடியில் எடுத்த படத்தைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்ஸில் கோளாறு இல்லை. அவ்வளவு பக்கத்தில் மூக்கு காதைவிடக் கேமராவுக்கு வெகு அருகில் இருக்கிறது, அவ்வளவுதான். போனை வேறொருவர் கையில் கொடுத்து, ஐந்து அடி தள்ளி நிற்கச் சொல்லி, கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றால் கண் குழியில் நிழல் விழுந்து பத்து நாள் தூங்காதவர் மாதிரி இருக்கும். பியூட்டி ஃபில்டர் வேண்டவே வேண்டாம், நேரில் பார்ப்பவர் முதலில் ஏமாந்துபோவார்.

எத்தனை வாக்கு போதும்? இருபது வாக்கு பார்க்க நிறைய மாதிரித் தெரியும், ஆனால் பத்தாது. நான்கு படி அளவில் ஆளுக்கு ஆள் உள்ள சிதறலை, அதாவது வாக்குகள் சராசரியிலிருந்து விலகும் அளவை, சுமார் 0.9 படி என்று வைத்தால், 20 வாக்கில் பத்துக்கு 1.3 வரை முன்பின் ஆகலாம். 40 வாக்கில் அது 0.9 ஆகக் குறையும். இரண்டு படங்களின் வித்தியாசம் என்றால் இன்னும் கூடும்: 40 வாக்கு வீதம் வாங்கிய படங்களில் ஒன்று 6.8, மற்றது 7.4 என்றால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றரைக்கு மேல் இடைவெளி வந்தால் மட்டும் நம்புங்கள். வாக்கோடு சிலர் எழுதும் குறிப்புகள்தான் பல சமயம் எண்ணைவிட உருப்படியானவை. 'முகம் ரொம்பப் பக்கம்', 'வெளிச்சம் போதாது' என்று நாலு பேர் சொன்னால் திருத்திவிடலாம்.

மதிப்பெண் உங்கள் முகத்துக்கு என்று நினைப்பவர்களுக்கு 2011-இல் ராப் ஜென்கின்ஸ் குழு செய்த சோதனை மருந்து. நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் 40 படங்களை, அவர்களை அறியாத பிரிட்டன்காரர்களிடம் கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டு குவியல் வர வேண்டியதற்கு ஏழெட்டு வந்தது! ஒரே ஆளின் படங்களே வேறு வேறு ஆட்கள் மாதிரித் தெரிந்தன. அதனால் இந்தச் சேவையை ஒரே ஆளின் படங்களுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்து சீட்டுக்காரர் 8 வாங்கினார், நமக்கு 6 என்ற ஒப்பீட்டுக்கு இங்கே அர்த்தமே கிடையாது.

அதிக எண் வாங்கிய படம் எப்போதும் நல்லது செய்யும் என்றும் இல்லை. அழகான பெண்கள் மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அழகே அவர்களுக்கு எதிராகத் திரும்பியதை ஹைல்மன், சருவடாரி இருவரும் 1979-இல் காட்டினார்கள். பிசினஸ் படத்துக்கு டேட்டிங் பிரிவில் வாக்கு வாங்கி மகிழ்வதில் பயன் இல்லை.

ஆள் எடுக்கிற ஹெச்ஆர்காரர்கள் விண்ணப்பதாரர் படத்தை இப்படி ஒரு தளத்தில் போட்டுப் பார்க்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு பார்த்தாலே முடிவு விழுந்துவிடுகிறது, அதற்கு மேல் பார்த்தால் பெரும்பாலும் தன்னம்பிக்கைதான் ஏறுகிறது என்று வில்லிஸ், டொடொரோவ் ஆய்வு 2006-லேயே சொன்னது. பயோடேட்டாவில் படத்தை மறைத்துவிட்டு முதல் வடிகட்டலை முடியுங்கள். நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலையும் குறித்துவைத்துத் தனித்தனி மதிப்பெண், குழுவில் பேசுவதற்கு முன்பே தாளைக் கொடுத்துவிட வேண்டும். தார்ன்டைக் சொன்ன கோளாறு வராமலிருக்க, எல்லோருடைய முதல் பதிலையும் திருத்திவிட்டு அப்புறம் இரண்டாவதுக்குப் போங்கள், பரீட்சைத் தாள் திருத்துவது போல.

காசு கொடுக்கலாமா? நேர்காணல் நெருங்கிவிட்டது, கையில் இரண்டே படம் என்றால் கிரெடிட் வாங்கலாம். மற்றவர்களுக்குக் கர்மாவே போதும். மாப்பிள்ளை, பெண் பார்க்கப் போகிற படத்துக்கு மட்டும் இங்கே வராதீர்கள். அதைப் பார்க்கப்போகும் மாமியார் மாமனார் யாரும் இந்த வாக்காளர் கூட்டத்தில் இருக்கப்போவதில்லை.