பெரிய பின்னா, புது பிளாக்கா? ஒரு பழைய பியானோவும் மூன்று அடைமழையும்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சின்ன கிராண்ட் பியானோ, பொன்மலை ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கியது. வாங்கும்போதே கிழம். நடு ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு, சுருதி சேர்க்கும் லீவரைக் கழற்றினால், கம்பி சுற்றியிருக்கும் இரும்பு முளை, அதாவது பின், கண்ணெதிரே மெல்லத் திரும்பிப் போகும். வீணையில் பிரடை நழுவினால் சாக்பீஸ் பொடி தடவிச் சமாளிக்கலாம். இங்கே கம்பிகளே 230 அளவில். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவை 18 டன் பக்கம். அந்தப் பாரத்தை இரும்புச் சட்டம் தாங்குகிறது, சரி. ஆனால் ஒவ்வொரு பின்னையும் திரும்பவிடாமல் பிடித்திருப்பது சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு மரக்கட்டைதான். அதுதான் பின் பிளாக். அது கைவிட்டால் மூன்று வழி: பசை ஊற்றலாம், பெரிய பின் போடலாம், பிளாக்கையே மாற்றலாம்.

பசை சுலபம். ஃபெவிக்விக் வகைதான், இன்னும் தண்ணீராக இருக்கும். பின்னைச் சுற்றிச் சொட்டுவிட்டால் உறிஞ்சிக்கொண்டு இறங்கும், பிடிப்பு ஏறும். தேவாலயத்து மூலையில் இருக்கும், மறுபடி பெரிதாகச் செலவு செய்யப்போவதில்லை என்கிற பியானோவுக்கு இதைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய பின்தான் நான் முதலில் போட்டது. பின்களுக்கு நம்பர் உண்டு. 2/0 என்றால் ஏறக்குறைய 7.15 மில்லிமீட்டர், அடுத்தடுத்த நம்பருக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ பருமன் ஏறும். 2/0 நின்ற துளையில் 4/0 அடித்தார் வந்த டியூனர். பத்து நாள் பிரமாதம். அப்புறம் நடுவுக்குச் சற்றுக் கீழே, டெனர் பகுதியில் நாலைந்து பின் ஒரே வரிசையாக இளகியது. பிளாக்கைப் பின்னாளில் வெளியே எடுத்து அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: துளைக்குத் துளை மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. பருத்த பின் அதை ஆப்பு மாதிரி பிளந்துவிட்டிருக்கிறது.

நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஆச்சா உத்திரம் கிடைக்குமா என்று தேடுவார்கள். மரம் எத்தனை காலம் காய்ந்ததோ அத்தனை நல்லது. அந்த நினைப்பிலேயே நானும் 'பழைய மரம், நல்ல மரம்' என்று இருந்துவிட்டேன். பின் பிளாக்கில் கணக்கு வேறு. கோடையில் சுருங்கி, ஐப்பசியில் ஊதி, இப்படி அறுபது எழுபது வருஷம் பின்னோடு மல்லுக்கட்டிய துளை நசுங்கிப்போயிருக்கும். விரிசல் இல்லாத பிளாக் என்றால் பெரிய பின் நியாயமான வழிதான். இரும்புச் சட்டத்தைக் கழற்றாமல் உள்ளே விரிசல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம்.

ஆக, புது பிளாக். இங்கே பலரும் மரத்தைப் பற்றியே பேசுவார்கள். எங்கள் ஆசாரி, "தேக்குல போடுங்க தம்பி, பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். ஒற்றைத் தேக்குப் பலகைக்கு அந்த இறுக்கமும் இல்லை, ஈரத்துக்குக் குறுக்குவாட்டில் விரியவும் செய்யும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பீச் மர அடுக்குப் பலகையை வரவழைத்தோம். மரம் அத்தோடு முடிந்தது. என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது வேறொன்று: அந்தப் பலகை இரும்புச் சட்டத்தின் ஃபிளாஞ்சில், அதாவது சட்டத்தின் அடியில் இறங்கி நிற்கும் விளிம்பில், எப்படி உட்காருகிறது என்பது.

கம்பிகள் பின்களைப் பியானோவின் வால் பக்கமாக இழுக்கின்றன. பிளாக்கின் வால் பக்க விளிம்பு ஃபிளாஞ்சில் முட்டி நிற்க வேண்டும். இடையில் காகிதம் நுழையும் அளவு சந்து இருந்தாலும் பாரம் முழுக்க ஸ்குரூக்களின் மேல் விழும். பிளாக் மெல்ல நகரும். ஒரு பக்கம் சுருதியை ஏற்ற, மறுபக்கம் இறங்கும். பின் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பயனில்லை.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா இதைக் கையில் எடுத்துக்கொண்டார். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் சட்டத்தை, லேத் பட்டறையில் வாடகைக்கு எடுத்த சங்கிலிக் கப்பியில் தூக்கினோம். ஃபிளாஞ்சில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, பலகையை முட்ட வைத்து எடுப்பார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் சீவுவார். திரும்ப முட்ட வைப்பார். முதல் நாள் இரண்டே இடத்தில் பொட்டு வைத்தாற்போல் நீலம். ஆறாம் நாள் விளிம்பு நெடுக. இடையில் உள்ள சந்து முழுவதையும் எப்பாக்ஸி பசையால் நிரப்புவதும் உலகெங்கும் நடக்கிற நல்ல முறைதான். சொன்னேன். "பூசி மெழுகுற வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாது மாப்ளே" என்று முடித்துவிட்டார்.

துளை பின்னைவிட அரை மில்லிமீட்டர் சிறிது, வாசிப்பவர் பக்கம் 7 டிகிரி சாய்வு. டிரில் சூடேறினால் துளையின் உட்சுவர் பளபளவென்று கருகிவிடும். அப்படிப்பட்ட துளையில் பின் சீராகத் திரும்பாது, திடுக்கென்று தாவும். அதனால் நிதானம்.

அடுத்து புஷ். சட்டத்தின் துளைக்குள் பின்னைச் சுற்றி உட்காரும் மர வளையம். இது இருந்தால் பின் கம்பிக்குப் பக்கத்திலேயே தாங்கப்படுகிறது. லீவரைத் திருகும்போது பின் வளைந்து ஏமாற்றாது. புஷ் வேண்டாம் என்கிற எதிர்க்கட்சியின் வாதமும் பொய்யில்லை: மழையில் புஷ் ஊதிப் பின்னைக் கவ்வும், பிளாக் இளகியிருந்தாலும் கைக்கு இறுக்கமாகத் தெரியும். நான் புஷ் போட்டேன். கார்த்திகையில் லீவர் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. புஷ் இல்லாத பியானோ நான் தொட்டது ஒன்றே ஒன்று, அதுவும் ஏசி அறையில். அதை வைத்து நம் ஊருக்குத் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

பராமரிப்பு? முன்பு மாதம் ஒரு தடவை. டியூனருக்குத் திருச்சியிலிருந்து பஸ் கட்டணம் கொடுத்தே அலுத்தேன். பின் இறுக்கம், அதாவது பின்னைத் திருப்பத் தேவைப்படும் முறுக்கு விசை, அப்போது 30 இஞ்ச்-பவுண்டு, 50-க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். இப்போது 110 பக்கம். மூன்று அடைமழை போயிருக்கிறது. தை பிறந்து ஒரு தடவை, ஆடிக் காற்று அடங்கி ஒரு தடவை, அவ்வளவுதான். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டு ஈரத்துக்கு ஊதுவதால் சுருதி இன்னமும் ஏறி இறங்கத்தான் செய்கிறது. அதற்குப் புது பிளாக் மருந்தில்லை. ஆனால் எல்லா ஸ்வரமும் சேர்ந்தாற்போல் ஏறுகிறது, தனியாக ஒரு பின் நழுவுவதில்லை. செலவு, பியானோவை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. விற்றால் திரும்பாது.