பாஹோல்: கர்னல் ஸ்ட்ரக்சரில் ஓட்டை தேட நல்ல கருவி, யோசனை மட்டும் கேட்காதீர்கள்

ஃபயர்வால் பெட்டிகளுக்கு லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தயார் செய்வது என் பிழைப்பு. அங்கே ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு என்எஃப்_கான் ஸ்ட்ரக்சர் உண்டு, அதாவது அதன் விவரங்களை ஃபீல்டு ஃபீல்டாக வைத்திருக்கும் நினைவகத் தொகுப்பு. அதற்கு நினைவகம் தரும் ஸ்லாப், கேஷ்லைனுக்கு (சிபியு ஒரே தடவையில் எடுக்கும் 64 பைட் துண்டு) ஒட்டி இடம் ஒதுக்குவதால், ஒரே ஒரு பைட் எல்லை தாண்டினாலும் முழுசாக 64 பைட் போய்விடும். லட்சக்கணக்கான கனெக்‌ஷனுக்குப் பெருக்கிப் பாருங்கள். இந்தக் கணக்குக்கு நான் நம்புவது அர்னால்டோ கர்வால்யோ டி மெலோ எழுதிய பாஹோலைத்தான்; ஃபீல்டுகளுக்கு இடையே வீணாகும் இடத்தை, அதாவது ஓட்டையை, காட்டும் கருவி. இலவசம், டெபியனிலும் ஃபெடோராவிலும் பேக்கேஜாகவே கிடைக்கிறது.

கர்னலில் பிடிஎஃப் தகவல் (ஸ்ட்ரக்சர்களின் அமைப்பைச் சொல்லும் சுருக்கக் குறிப்பு) இருந்தால், பிழை தேடுவதற்கென்று தனியாக டீபக் பில்டு வேண்டாம். ஸ்ட்ரக்சர் பெயரைக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு ஃபீல்டும் எந்த பைட்டில் தொடங்குகிறது, கேஷ்லைன் எங்கே முடிகிறது என்று காட்டிவிடும். கான்ட்ராக் (கனெக்‌ஷன்களைக் கண்காணிக்கும் கர்னல் பகுதி) தனி மாட்யூலாக இருந்தால் மட்டும் முக்கிய கர்னலின் பேஸ் பிடிஎஃப் ஃபைலையும் சேர்த்துக் கொடுக்கணும். கொஞ்சம் தொல்லைதான்.

கனெக்‌ஷன்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரிக்கும் ஸோன் வசதி தேவையில்லை, அணைத்தால் 4 பைட் மிச்சம் என்று தோன்றும். பாஹோல் காட்டுவது வேறு: ஸோனுக்கு முந்தைய ஃபீல்டான டைம்அவுட் 12-வது பைட்டில் முடிகிறது, அடுத்து வரும் டப்பிள்ஹாஷ் (டப்பிள் என்பது கனெக்‌ஷனின் முகவரி, போர்ட் விவரம்; ஒரிஜினல், ரிப்ளை என்று திசைக்கு ஒன்று) 8-இன் மடங்கில்தான் தொடங்க முடியும், ஆக ஸோன் இருந்த இடத்தில் 4 பைட் ஓட்டை. மிச்சம் பூஜ்யம்!

டப்பிள்ஹாஷ் இரண்டும் சேர்ந்து 16 முதல் 128 வரை. ரிப்ளை டப்பிள் இரண்டாவது கேஷ்லைனுக்குள் அடங்குகிறது; ஒரிஜினல் டப்பிளோ 64-வது பைட்டில் எல்லை தாண்டுகிறது. அப்போ ரிப்ளை பாக்கெட்டுக்கு ஒரு லைன் போதுமா? போதாது. ரெஃப்கவுண்ட் (ஸ்ட்ரக்சரை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) முதல் லைனில் இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்ததும் அதைத் தொட்டே ஆகணும். கனெக்‌ஷனின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் மூன்றாவது லைனில். எந்த ஃபீல்டை எத்தனை தரம் தொடுகிறோம் என்பது பாஹோலுக்குத் தெரியாது. அதற்கு ஓடும்போதே அளக்கும் பெர்ஃப் கருவி வேண்டும், 6.8 கர்னலோடு வந்த டேட்டா டைப் புரொஃபைலிங் அதைத்தான் செய்கிறது.

அப்புறம் ரீஆர்கனைஸ் ஆப்ஷன். ஃபீல்டுகளை மாற்றி அடுக்கிக் காட்டும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் என்எஃப்_கானில் நடுவில் வைத்த ஒரு அடையாள ஃபீல்டுக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் புது கனெக்‌ஷனுக்கு மெம்செட் (நினைவகத்தை நிரப்பும் ஃபங்ஷன்) பூஜ்யமாக்கும். மேலே இருப்பதை அப்படி அழிக்க முடியாது; விடுவித்த ஆப்ஜெக்டை இன்னொரு சிபியு ஆர்சியு பூட்டின் (படிப்பவர்களைக் காக்க வைக்காத ஏற்பாடு) கீழ் இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம். பாஹோலுக்கு அந்த அடையாளம் வெறும் பூஜ்ய பைட் ஃபீல்டு. ஐபிடி_என்ட்ரி (ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதி ஒன்றின் வடிவம்) மாதிரி யூசர்ஸ்பேஸோடு, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களோடு, பகிர்கிற ஸ்ட்ரக்சர் என்றால் கையே வைக்காதீர்கள், பழைய ஐபிடேபிள்ஸ் பைனரி உடைந்துவிடும்.

அளக்க ஐந்துக்கு ஐந்து. அடுக்கித் தரும் யோசனைக்கு இரண்டு, அதுவும் தாராளமாக. இன்னொன்று, ஸ்பின்லாக் (என்எஃப்_கானுக்குள் இருக்கும் பூட்டு) டீபக் போட்ட கர்னலில் அளக்காதீர்கள். பூட்டே வீங்கி எல்லா எண்ணும் நகர்ந்துவிடும். புரொடக்‌ஷனில் ஓடுகிற அதே கான்ஃபிக்கில் பாருங்கள்.