சொந்த போட்டோ: வால்பேப்பரா வைக்கறதா, ஸ்க்ரீன்சேவரா ஓட விடறதா, எத வச்சு பண்றது?

எங்க வீட்டு ஹால்ல இருக்கற கம்ப்யூட்டர் இப்ப முழுசா அப்பாவோடதுதான், காலைல பேப்பர் படிக்கறது, பேங்க் பாக்கறது, மத்தியானம் பழைய பாட்டு, இப்படி பாதி நாள் அது முன்னாடிதான் உக்காந்திருப்பார். பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப பரண்ல இருந்த ஆல்பம் எல்லாத்தையும் இறக்கி ஸ்கேன் பண்ணிட்டு வந்தேன், அது எல்லாம் பென்டிரைவ்ல தூங்காம அப்பா கண்ணுல தினமும் படணும்னு ஆசை. அதுக்காக ரெண்டு மாசம் மாத்தி மாத்தி நாலஞ்சு வழியில வச்சு பாத்தாச்சு.

முதல்ல ஒண்ண பிரிச்சு வச்சுக்கணும். வால்பேப்பர்ங்கறது வேலை நடக்கும்போது பின்னாடி கிடக்கறது, ஐகான் எல்லாம் அது மேலதான் உக்காரும், கீழ டாஸ்க்பார் ஒரு துண்ட மறைச்சுக்கும். ஸ்க்ரீன்சேவர் நாம கைய எடுத்தப்புறம் வர்றது, மொத்த ஸ்க்ரீனும் போட்டோவுக்கே. அதனால ஒரே ஃபோல்டர ரெண்டுக்கும் காட்டுனா ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா சொதப்பும்.

எங்க அத்தை கல்யாண குரூப் போட்டோவயே எடுத்துக்குவோம். வீட்டு வாசல்ல எடுத்தது, பின்னாடி பெருசுங்க நிக்கறாங்க, நடுவுல சேர் போட்டு அப்பத்தா தாத்தா உக்காந்திருக்காங்க, முன்னாடி தரையில சம்மணம் போட்டு பொடிசுங்க ஒரு வரிசை. 6க்கு 4 இஞ்ச் பிரிண்ட், அதாவது அகலம் 3னா உயரம் 2. மானிட்டர் 16க்கு 9. விண்டோஸ்ல 'ஃபில்' வச்சா ஸ்க்ரீன் நிறையணும்னு மேலயும் கீழயும் வெட்டும், உயரத்துல கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு போயிடும். மொபைல்ல எடுக்கற 4க்கு 3 போட்டோவா இருந்தா கால் பங்கே போயிடும். எங்க குரூப் போட்டோவுல என்ன போச்சுன்னா, தரையில இருந்த புள்ளைங்கள்ல பாதி பேரு, மிச்ச பேரு டாஸ்க்பாருக்கு அடியில. இடது பக்கம் நின்ன பெரியப்பா நெத்தியில ரீசைக்கிள் பின். சரி 'ஃபிட்' வச்சா யாரும் வெட்டுப்பட மாட்டாங்க, ஆனா ரெண்டு பக்கமும் வெறும் பட்டை. 'ஸ்ட்ரெச்' பக்கமே போகாதீங்க, எல்லாரும் குண்டாயிடுவாங்க.

அப்ப வால்பேப்பருக்கு எது நல்லாருக்கும்னா வலது பக்கமா முகம் இருந்து இடது பக்கம் சுவரோ வானமோ வயலோ வெறுமனே கிடக்கற போட்டோ. அப்பத்தா திண்ணையில வலது ஓரமா உக்காந்து வெத்தலை மடிக்கற ஒரு போட்டோ இருக்கு, இடது பக்கம் பூரா சுண்ணாம்பு சுவர், ஐகான் எல்லாம் அந்த சுவர் மேல போய் உக்காந்துடுச்சு, அளவெடுத்து தெச்ச மாதிரி. குரூப் போட்டோ, நெத்திச்சுட்டி, நகை, கோலம்னு விவரம் நெறைய இருக்கறது எல்லாம் ஸ்க்ரீன்சேவருக்கு.

இனி எத வச்சு பண்றதுன்னு பாக்கலாம்.

விண்டோஸோட சொந்த ஸ்லைட்ஷோ பேக்ரவுண்ட்தான் முதல்ல. டெஸ்க்டாப்ல ரைட் கிளிக், பெர்சனலைஸ், பேக்ரவுண்ட், ஸ்லைட்ஷோ, ஃபோல்டர காட்டுனா முடிஞ்சுது. 1 நிமிஷத்துல இருந்து 1 நாள் வரைக்கும் டைம் வைக்கலாம், நான் 1 நாள்தான் வச்சிருக்கேன், காலண்டர் தாள் கிழிக்கற மாதிரி தினம் ஒண்ணு. பிடிக்கலன்னா ரைட் கிளிக்ல அடுத்த படத்துக்கு தள்ளிக்கலாம். காசு இல்ல, எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். லேப்டாப்காரங்க ஒண்ணு கவனிங்க, சார்ஜர் எடுத்துட்டா ஸ்லைட்ஷோ நின்னுடும், பேட்டரியிலயும் ஓடணும்னா அதுக்கு தனியா ஒரு சுவிட்ச் அங்கயே இருக்கு. குறைன்னு பாத்தா எந்த இடத்த வெட்டணும்னு நாம சொல்ல முடியாது. இன்னொண்ணு, ஜேபெக் (.jpg) படத்த வால்பேப்பரா வைக்கும்போது விண்டோஸ் அத தரம் குறைச்சு இன்னொரு காப்பி எடுத்துதான் காட்டும், வழக்கமா 85 சதவீத தரம். பழைய பிரிண்ட்ல ஏற்கனவே புள்ளி புள்ளியா இருக்கறதால அது பட்டுப்புடவை பார்டர்ல நல்லாவே தெரிஞ்சுது எனக்கு. ரெஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸோட உள் செட்டிங் எல்லாம் இருக்கற இடத்துல, 'ஜேபெக்இம்போர்ட்குவாலிட்டி' (JPEGImportQuality)ன்னு ஒரு வேல்யூ உண்டாக்கி 100 போட்டா சரியாகும், ரெஜிஸ்ட்ரி பழக்கம் இல்லாதவங்க விட்டுடுங்க, அந்தளவுக்கு அவசியம் இல்ல.

ரெண்டாவது விண்டோஸ்லயே இருக்கற போட்டோஸ் ஸ்க்ரீன்சேவர். ஸ்டார்ட்ல ஸ்க்ரீன்சேவர்னு தேடுனா வரும். ஃபோல்டர காட்டு, ஸ்லோ மீடியம் ஃபாஸ்ட்ல ஒண்ணு, கலைச்சு போடணுமா வேணாமா, அவ்ளோதான் அதுல இருக்கறதே. இத்தன செகண்டுன்னு சொல்ல வழி இல்ல, பேர் காட்டாது. ஆனா படத்த வெட்டாது, நெட்டுக்குத்தா இருக்கறத நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் கருப்பு விட்டு காட்டும், அது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஆல்பத்துல கருப்பு அட்டையில ஒட்டி வச்ச மாதிரியே இருக்கும். நெறைய பேரு ஸ்க்ரீன்சேவர் வரவே மாட்டேங்குதுன்னு சொல்றதுக்கு காரணம், பவர் செட்டிங்ல ஸ்க்ரீன் ஆஃப் ஆகற நேரம் அதவிட கம்மியா இருக்கும். ஸ்க்ரீன்சேவர் 3 நிமிஷம், ஸ்க்ரீன் ஆஃப் 20 நிமிஷம்னு வச்சா ஓடும். கரண்ட் இதனால மிச்சமாகாது, திரை எரிஞ்சுகிட்டுதான் இருக்கும், அத தெரிஞ்சே வைங்க.

மூணாவது இர்ஃபான்வியூ. இர்ஃபான் ஸ்கில்ஜன்னு ஒருத்தர் 1996ல வெளியிட்டது, வீட்டு உபயோகத்துக்கு இன்னைக்கும் இலவசம், போட்டோ பாக்கற ரொம்ப சின்ன சாஃப்ட்வேர். என்னைக் கேட்டா ஸ்க்ரீன்சேவர விட வெட்டற வேலைக்குதான் இது முதல்ல வேணும். 16க்கு 9 அளவுல ஒரு கட்டம் போட்டு, அந்த கட்டத்த நாமளே நகத்தி, யாரு தலையும் போகாத மாதிரி வெட்டிக்கலாம். நெட்டுக்குத்தா இருக்கற மூணு ஸ்டுடியோ போட்டோவ பக்கத்துல பக்கத்துல ஒட்டுனா கிட்டத்தட்ட ஒரு மானிட்டர் அகலம் வந்துடும், பனோரமா ஆப்ஷன்ல அதையும் பண்ணலாம், தாத்தா மூணு வேற வேற வயசுல எடுத்த போட்டோவ அப்படி ஒட்டி வச்சிருக்கேன்.

அதுல டபிள்யூ கீய அழுத்துனா ஸ்லைட்ஷோ விண்டோ வரும், எத்தன செகண்டுன்னு குடுத்து, ஃபைல் பேரையும் படத்து மேல காட்ட சொல்லி, மொத்தத்தையும் ஒரே எஸ்சிஆர் (.scr) ஃபைலா, அதாவது ஸ்க்ரீன்சேவர் ஃபைலா சேவ் பண்ணலாம். போட்டோ எல்லாம் அதுக்குள்ளயே போயிடும், தங்கச்சி வீட்டுக்கு ஒரே ஃபைலா குடுத்துடலாம். ஆனா ஒரு போட்டோ சேக்கணும்னாலும் திரும்ப முழுசா உருவாக்கணும். எஸ்சிஆர்ங்கறது படம் இல்ல, அது ஓடற புரோகிராம், அதனால வேற மெஷின்ல விண்டோஸ் எச்சரிக்கை காட்டலாம், காட்டறது நியாயம்தான். இதனாலயே முன்பின் தெரியாத சைட்ல இருந்து ஸ்க்ரீன்சேவர் ஃபைலோ, 'இலவசமா செஞ்சு தர்றோம்'ங்கற சாஃப்ட்வேரோ இறக்காதீங்க. நான் ஒண்ண இறக்கி, அது பிரவுசர்ல தேவையில்லாதத எல்லாம் கொண்டாந்து சொருகி, அப்பாவோட பேங்க் பாஸ்வேர்ட் மொத்தமும் மாத்த வேண்டியதாப்போச்சு. அந்த பயம் சாதாரண பயம் இல்ல.

ஜான்ஸ் பேக்ரவுண்ட் ஸ்விட்சர்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இலவசம். தபால் கார்ட குவிச்சு போட்ட மாதிரி பல போட்டோவ ஒரே வால்பேப்பர்ல அடுக்கி காட்டும். ரெண்டு மானிட்டர் வச்சு வேலை பாக்கறவங்களுக்கு நல்லது. அப்பாவுக்கு ஒத்துவரல, ஐகான் எங்க இருக்குன்னே தெரியலன்னுட்டார்.

கூகுளோட பழைய போட்டோ சாஃப்ட்வேர் பிகாசால கொலாஜ் பண்ணி நேரா டெஸ்க்டாப்ல வச்ச ஆளுங்க இன்னும் அதத்தான் தேடறாங்க, 2016லயே கூகுள் நிறுத்திடுச்சு, பழைய இன்ஸ்டாலர எங்கயோ தேடி போடறதுக்கு இர்ஃபான்வியூ மேல். மேக் வச்சிருக்கறவங்களுக்கு சிஸ்டத்துலயே ரெண்டும் இருக்கு, போட்டோஸ் ஆல்பத்தயே நேரா காட்டலாம், வெளிய தேட வேணாம்.

எத வச்சு பண்ணாலும் மூலப்படம் நல்லா இல்லன்னா ஒண்ணும் நடக்காது. 6க்கு 4 பிரிண்ட 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணா 1800க்கு 1200 பிக்சல்தான் வரும், ஃபுல் எச்டி மானிட்டருக்கே 1920 வேணும். 600ல பண்ணா 3600க்கு 2400, வெட்டுனாலும் மிச்சம் இருக்கும். எங்க ஊர் ஸ்டுடியோ ஒண்ணுல முதல்ல குடுத்து 300லயே பண்ணி வாங்கிட்டு, அப்புறம் ஃப்ரெண்ட் ஆபீஸ் ஸ்கேனர்ல எல்லாத்தையும் மறுபடி பண்ணேன். வாட்ஸ்அப்ல சும்மா அனுப்புனா நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு சுருங்கிடும், சொந்தக்காரங்ககிட்ட வாங்கும்போது டாக்குமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க.

இப்ப அப்பா மெஷின்ல என்ன இருக்குன்னா, வலது பக்கம் முகம் இருக்கறதா பொறுக்கி கையால வெட்டுன 38 போட்டோ ஒரு ஃபோல்டர்ல, அது விண்டோஸ் ஸ்லைட்ஷோ, தினம் ஒண்ணு. வெட்டாத மிச்சம் எல்லாம் இன்னொரு ஃபோல்டர்ல, அது விண்டோஸ் ஸ்க்ரீன்சேவர், ஸ்லோ. எஸ்சிஆர் தங்கச்சிக்கு மட்டும். போன வாரம் குரூப் போட்டோ வந்து நின்னப்ப அப்பா கண்ணாடிய மாட்டிகிட்டு கிட்ட போய், தரையில கடைசியா உக்காந்திருக்கற கோடு போட்ட சட்டை பையன காட்டி "இது யாருப்பா, நம்ம மேலத்தெரு வீட்டு பையனா?"ன்னார். அவருக்கே தெரியல. சித்தப்பா அடுத்த மாசம் வர்றார், அவர்கிட்ட கேட்டு ஃபைல் பேர்ல போடணும்.