பத்து வார வகுப்பு, ஒரு நாள் நடனம்: 'டேட் வித் டாட்' எப்படி?

அமெரிக்கச் சிறையில் இருக்கும் அப்பாக்களை அவர்களின் மகள்களோடு ஒரு நடன விருந்தில் சேர்த்துவைக்கும் சேவை இது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், கறுப்பினச் சிறுமிகளுக்காக ஏஞ்சலா பாட்டன் தொடங்கிய 'கேம்ப் டீவா'வில் பிறந்தது. அப்பாவால் வெளியே வர முடியாவிட்டால் விருந்தை உள்ளே கொண்டுபோவோம் என்று சிறையை நடத்தும் ஷெரீஃபுக்குக் கடிதம் எழுதியது அந்தச் சிறுமிகள்தான்.

தேவை பெரிது. 'பியூ' என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2010-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, கறுப்பினக் குழந்தைகளில் 9 பேரில் ஒருவருக்கு அப்பாவோ அம்மாவோ சிறையில். வெள்ளையரில் 57-ல் ஒருவருக்கு. 'கறுப்பின அப்பாக்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை கிடையாது' என்பது வெறும் வாய்ப்பேச்சு. பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழும் கறுப்பின அப்பாக்கள் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்றவற்றில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று 2013-ல் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) அறிக்கையே சொல்லியிருக்கிறது.

நடனத்தைப் பார்த்து எல்லாரும் கண் கலங்குகிறார்கள். ஆனால் விஷயம் இருப்பது அதற்கு முந்தைய 10 வார வகுப்பில். தலைநகர் வாஷிங்டனில் உள்ள சிறையில் நடந்ததை 2024-ல் வெளியான 'டாட்டர்ஸ்' ஆவணப்படத்தில் பார்க்கலாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பயிற்சியாளரோடு உட்கார்ந்து, கைதிகள் தங்கள் அப்பாக்களைப் பற்றியே முதலில் பேச வேண்டியிருக்கிறது. விருந்து நாளில் ஆரஞ்சு உடுப்பைக் கழற்றிவிட்டு கோட்டு, டை.

குறை எங்கே? அந்தப் படத்தில் வரும் ஐந்து வயதுக்காரி அப்பா வெளியே வர எத்தனை வருடம் பாக்கி என்று எண்ணுகிறாள். தம்பி தங்கையை வளர்க்கும் பத்து வயதுக்காரிக்கு அப்பா மேல் கோபம். பதினைந்து வயதுக்காரி மனதளவில் நொறுங்கிக் கிடக்கிறாள். இந்த மூவருக்கும் ஒரே கூடம், ஒரே பாட்டு போதாது. அப்பாவுக்கு 10 வாரம் என்றால் மகளுக்கும் அதே அளவு ஆலோசனை வேண்டும். அம்மா மனம் வைத்து அழைத்து வராவிட்டால் எதுவுமே நடக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

கலந்துகொண்டவர்களில் 95 சதவீதம் பேர் சிறைக்குத் திரும்பவில்லை என்கிறார்கள் அமைப்பாளர்கள். தானாக முன்வந்து சேர்ந்தவர்களின் கணக்கு அது. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய ஓட்டை விருந்துக்கு மறுநாள். பல சிறைகளில் தொட்டுப் பேசும் சந்திப்பை எடுத்துவிட்டு வீடியோ திரை வைத்துவிட்டார்கள். போனும் மலிவில்லை: 2024-ல் எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) கட்டண உச்சவரம்பைக் குறைக்க உத்தரவிடுவதற்கு முன், பெரிய சிறைகளில் 15 நிமிட அழைப்புக்கு 11.35 டாலர் வரை போனது. இதற்கு இந்தச் சேவையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைத் தொடங்க நினைக்கும் ஊர்க்காரர்கள், சிறை நிர்வாகத்திடம் கூடத்துக்கு அனுமதி கேட்கும்போதே மாதம் ஒரு நேரடிச் சந்திப்பையும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.