டெல்லி, ஆக்ரா, காசி டூருக்குப் பணம் கட்டுமுன் கிழமையைக் கேளுங்கள்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஆள் சேர்த்து டெல்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா, காசி என்று கூட்டிப்போகும் ஒரு டூர்க்காரரோடு டிசம்பரில் போய் வந்தோம். தலைக்கு 32,000 ரூபாய், 11 பேர். எல்லோரும் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், பல வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தவர்கள். கோடை விடுமுறைக்கு அவர் மறுபடியும் ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் அவர் செய்யும் வித்தை இன்னும் பலரிடம் இருக்கும், அதைச் சொல்லத் தடையில்லை.

வடக்கே போகிறோம் என்றாலே நம்ம பக்கம் எல்லோரும் பயமுறுத்துவார்கள். "அங்க உள்ளவன் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள உருவிருவான், பாத்து இருந்துக்கோங்க" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி வரைக்கும் புத்தி சொன்னார். உருவியது அங்கே உள்ளவன் இல்லை. எங்களில் ஒருவரிடம் எட்டாம் வகுப்பு படித்த இந்த ஊர்ப் பையன். "டீச்சர், உங்ககிட்ட அடி வாங்கிப் படிச்சவன், உங்கள ஏமாத்துவேனா?" என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினார்.

அவர் கொடுத்த தாளில் நாள் 1, நாள் 2 என்று மட்டும்தான் இருந்தது. தேதி இல்லை, கிழமை இல்லை. கேட்டோம். "வண்டி கிடைக்கதப் பொறுத்து ஊரு முன்னப் பின்ன மாறும் டீச்சர், டிக்கெட் கன்ஃபார்ம் ஆகட்டும், தேதி போட்டுத் தாரேன்" என்றார். ரயில் ஏறும்வரை தரவில்லை. தாஜ்மஹாலுக்கு உள்ளே போவோம்தானே என்று ஹிஸ்டரி டீச்சர் வாட்ஸப்பில் தனியாகக் கேட்டார். "எல்லா என்ட்ரியும் இன்க்ளூடட்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி இரண்டு இரவு கழித்து ஞாயிறு டெல்லி நிஜாமுதீனில் இறங்கினோம். திங்கள் காலை டெல்லி சுற்றல். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை, அக்ஷர்தாம் கோயிலுக்கும் விடுமுறை. இரண்டுமே தாளில் இருந்தன. செங்கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். குதுப் மினார் எல்லா நாளும் திறந்திருக்கும் என்பதால் அது மட்டும் தப்பித்தது. கரோல் பாக் ஏசி ஹோட்டல் என்று சொன்னது பஹாட்கஞ்ச் சந்துக்குள் ஒரு லாட்ஜாக மாறியிருந்தது. டிசம்பர் டெல்லிக் குளிரில் ஏசி எதற்கு, வெந்நீர் வந்தால் போதும் என்று இருந்தது. அதுவும் வரவில்லை.

கூட வந்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கைடு, மேனேஜர், சமையல் மாஸ்டர் மூன்றும் அந்த ஒரு பையன்தான். முக்கூடல் பக்கத்துப் பிள்ளை. கிடைத்த இடத்தில் ரசம் வைத்துக் கொடுத்தான். அவனுக்குப் பேசிய சம்பளம் இன்னும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஜெய்ப்பூரில்தான் எனக்கு வயிறு எரிந்தது. நான் கணக்கு டீச்சர். ஜந்தர் மந்தரைப் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. 1727-இல் ஜெய்ப்பூரை உருவாக்கிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டிய வான ஆய்வுக்கூடம் அது. அங்கே இருக்கும் சாம்ராட் யந்திரம் சுமார் 27 மீட்டர் உயரம். அதன் நிழல் நகர்வதை வைத்து இரண்டு வினாடித் துல்லியத்தில் நேரம் சொல்லலாம். கல்லால் கட்டிய கடிகாரத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வகுப்பில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அன்று காலை எங்களை இறக்கிவிட்ட இடம் ஜந்தர் மந்தர் இல்லை, "அரசு அங்கீகாரம் பெற்ற கைவினை மையம்" என்று பலகை மாட்டிய ஒரு கடை. வாசலில் டிரைவர் ஒரு சீட்டைக் கொடுத்தார், கடைக்காரர் தலைகளை எண்ணி எழுதிக்கொண்டார். அப்போதே புரிந்துவிட்டது. முதலில் அச்சுத்துணி எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு விளக்கம், அப்புறம் டீ, அப்புறம் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை, சேலை, கடைசியில் மாடியில் கல் வைத்த நகை. நாங்கள் எழுந்தால் டிரைவரைக் காணோம். மதியம் தாண்டித்தான் வந்தார். அதே போல இன்னொரு கடைக்கும் போனோம். ஜந்தர் மந்தருக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சயின்ஸ் டீச்சர் அங்கே சுத்தப் பட்டு என்று ஒரு சேலை வாங்கினார். ஊருக்கு வந்து ஓரத்து நூலை உருவி எரித்துப் பார்த்தால் முடி கருகும் வாசனை இல்லை, பிளாஸ்டிக் போல உருகிச் சுருண்டது. பட்டு வாங்குவதாக இருந்தால் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ராஜஸ்தான் அரசின் சொந்தக் கடை எம்.ஐ. ரோட்டில் இருக்கும் ராஜஸ்தலி. டூர் பஸ் நிறுத்தும் கடைகளில் "அரசு" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஹவா மஹாலையும் ரோட்டில் நின்றுதான் பார்த்தோம். 953 ஜன்னல்கள் இருக்கும் அந்த முகப்பு உண்மையில் கட்டடத்தின் பின்பக்கம், உள்ளே போகும் வழி மறுபுறம். உள்ளே போவதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருந்தார். ஆம்பேர் கோட்டைக்குப் போனது சாயங்காலம், பாதி பார்க்குமுன் விசில் அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு ஹிஸ்டரி டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு வெள்ளிக்கிழமைல்லா?" தாஜ்மஹால் வளாகத்துக்குள் இருக்கும் மசூதியில் தொழுகை நடப்பதால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களை விடுவதில்லை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் திறந்திருக்கும் இடத்துக்கு, மூடியிருக்கும் அந்த ஒரே நாளில் போய் நிற்கப்போகிறோம். தம்பி முதலாளிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "வெளிய இருந்து பாத்தாத்தான் டீச்சர் முழுசாத் தெரியும், போட்டோவும் நல்லா விழும்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஆக்ரா கோட்டை பார்த்தோம். மகன் ஔரங்கசீப் சிறைவைத்த பிறகு ஷாஜஹான் தாஜ்மஹாலைப் பார்த்துக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழித்த முசம்மன் புர்ஜ் அங்கேதான் இருக்கிறது. பிறகு யமுனைக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டம். நல்ல இடம்தான், தாஜின் பின்பக்கம் நேராகத் தெரியும், பனிமூட்டம் இல்லாவிட்டால். எங்களுக்கு வெள்ளைக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் முகலாயர் பாடம் நடத்தியவர் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

இரவு ரயிலில் காசிக்குக் கிளம்ப வேண்டும். நாலு பேர் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சொந்தக் காசில் ரூம் போட்டு, மறுநாள் விடியுமுன் ஆட்டோ பிடித்தோம். அந்த ஆட்டோக்காரர் பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. தின்பண்டம், வெற்றிலை பாக்கு எதையும் உள்ளே விடமாட்டார்கள், முறுக்கு டப்பாவை ரூமிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று அவர்தான் சைகையில் சொன்னார். வண்டிகள் வாசல் வரை போகாது, கொஞ்ச தூரம் பேட்டரி வண்டியோ நடையோதான். இந்தியர்களுக்கு டிக்கெட் 50 ரூபாய், கல்லறை மாடத்துக்கும் ஏற வேண்டும் என்றால் மேலும் 200. தொல்லியல் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுக்கலாம். உள்ளே போனதும் ஹிஸ்டரி டீச்சருக்குக் குரல் திரும்பி வந்தது. மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் இறந்தது, உடலை அங்கிருந்து ஆக்ராவுக்குக் கொண்டுவந்தது, மறுவருடம் கட்ட ஆரம்பித்தது என்று நின்ற இடத்தில் பாடம் நடத்தினார். ஈரோட்டுப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் எங்களோடு நின்று கேட்டது. அன்று மதியம் வந்தே பாரத்தில் டிக்கெட் எடுத்துக் காசி போய்ச் சேர்ந்தோம். இந்தச் செலவைப் பிறகு கேட்டபோது, "நீங்களா இறங்கிக்கிட்டீங்க, அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்றார் டூர்க்காரர்.

இப்போது கணக்கு. "நுழைவுக் கட்டணம்" என்று தலைக்கு 2,400 ரூபாய் கணக்குப் போட்டு வாங்கினார். குதுப் மினார், ஆக்ரா கோட்டை போன்ற தொல்லியல் துறை இடங்களில் நம்மைப் போன்றவர்களுக்கு டிக்கெட் 40, 50 ரூபாய் அளவில்தான். மூடியிருக்கும் நாளில் கூட்டிப்போனால் அந்தச் செலவும் மிச்சம், கடைக்குக் கூட்டிப்போக நேரமும் மிச்சம். திங்களில் டெல்லியும் வெள்ளியில் ஆக்ராவும் தற்செயலாக வந்தது என்று நான் நம்பவில்லை. வருடக்கணக்காக இதே தொழில் செய்கிறவருக்குத் தாஜ்மஹாலின் விடுமுறை தெரியாதா?

காசியில் "விஐபி தரிசனம்" என்று தலைக்கு 1,000 வாங்கியிருந்தார். விசுவநாதர் கோயிலே சுகம் தரிசனம் என்று கட்டணச் சீட்டைத் தன் இணையதளத்தில் கொடுக்கிறது, அது சில நூறு ரூபாய்தான். எங்களை நிறுத்தியது பொது வரிசையில். கங்கைக் கரையில் தங்கல் என்றது ரயில் நிலையத்துக்குப் பின்னால். ஆனால் காசி எங்களைக் கைவிடவில்லை. கேதார் படித்துறையில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரரின் மடத்தைப் பார்த்தபோது நம்ம ஊர் ஆளைப் பார்த்தது போல இருந்தது. தசாசுவமேத படித்துறைக்குப் பக்கத்தில் மான் மஹால் மாடியில் ஜெய்சிங் அமைத்த இன்னொரு ஆய்வுக்கூடமும் இருக்கிறது. ஜெய்ப்பூரோடு ஒப்பிட்டால் சின்னது. தனியாகப் போய்ப் பார்த்தேன்.

திரும்பும்போது காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ். மூன்றடுக்கு ஏசிக்குப் பணம் வாங்கிவிட்டு ஸ்லீப்பரில் போட்டிருந்தார், அதிலும் சிலருக்கு ஆர்ஏசி. முட்டி வலிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு சைடு சீட்டில் கால் நீட்ட முடியாமல் உட்கார்ந்து வந்தார்கள். டிக்கெட் என்று எங்களுக்கு அனுப்பியது ஸ்க்ரீன்ஷாட், வகுப்பும் கட்டணமும் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு. டிடிஇ வந்து பார்த்தபோதுதான் அது யாரோ ஒரு தனி ஆளின் ஐடியில் எடுத்தது என்று தெரிந்தது. சொந்த ஐடியில் டிக்கெட் எடுத்து அடுத்தவருக்கு விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் குற்றம். முழு பிடிஎஃப் கேளுங்கள். பிஎன்ஆர் எண் கைக்கு வந்தால் ரயில்வே உதவி எண் 139-இல் நீங்களே பார்க்கலாம்.

ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று போட்டு வாங்கியதற்குப் பில் இல்லை. அவர் கார்டில் இருந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினோம். பதிவு ரத்தாகி இருந்தது. 15 எழுத்து கொண்ட எண் அது, தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். யார் பெயர், நடப்பில் இருக்கிறதா என்பது லாகின் இல்லாமலே தெரியும். ஜிபேயில் காட்டிய பெயரும் கம்பெனிப் பெயர் இல்லை.

ஊருக்கு வந்து நேரில் போய்க் கேட்டோம். "அடுத்த ட்ரிப்புல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் டீச்சர், ராமேஸ்வரம் போட்டிருக்கேன்" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தோம், அவர் பக்கமிருந்து பதில் இல்லை. இப்போது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. எங்கள் 3,52,000 அதற்குள்தான் வருகிறது.

இவரிடமே போய் வந்து, போனால் போகிறது என்று விட்டவர்கள் நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் இருப்பார்கள். அந்தத் தாளும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸப் பேச்சும் இன்னும் இருந்தால் அழிக்காதீர்கள். இரண்டு வருடம் தாண்டாதவர்கள் தனி மனு போடலாம்.