மரத்துல போட்டோ பொறிக்க லைட்பர்ன் எப்படி இருக்கு

லேசர்ல மரத்துல போட்டோ பொறிக்கிறவங்களுக்கு என் ஓட்டு லேசர் மெஷினை இயக்குற சாஃப்ட்வேரான லைட்பர்னுக்குத்தான், அதுவும் முக்கியமா அதுல இருக்குற அட்ஜஸ்ட் இமேஜ் விண்டோவுக்காக. கான்ட்ராஸ்ட், பிரைட்னஸ், காமா எல்லாத்தையும் நகர்த்த நகர்த்த படம் எப்படி மாறுதுன்னு உடனே தெரியும், கூடவே என்ஹான்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதைக் கொஞ்சம் ஏத்துனா கண்ணு, தலைமுடி, மீசையெல்லாம் தெளிவா எழும்பி வரும். மரத்துல வெள்ளைங்கற கலரே கிடையாதுல்ல, கருகுன புள்ளி, கருகாத புள்ளி அவ்ளோதான், அதனால முகத்தை மொபைல்ல பாக்குறதைவிட நல்லாவே வெளிச்சமாக்கி வைக்கணும், இல்லன்னா கன்னமெல்லாம் கரியா போயிடும். டித்தர்ல, அதாவது படத்தைப் புள்ளி புள்ளியா மாத்துற முறைகள்ல, ஜார்விஸ், ஸ்டக்கி ரெண்டுமே முகத்துக்கு அருமை. லைன் இன்டர்வெல் (வரிக்கு வரி இருக்குற இடைவெளி) 0.1 மிமீ, அதாவது 254 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு அத்தனை புள்ளி), டையோடு லேசருக்கு அதுல ஆரம்பிச்சா போதும், டிபிஐ ஜாஸ்தி வச்சா புள்ளி மேல புள்ளி விழுந்து படமே கலங்கிடும்.

ஆனா பேக்ரவுண்ட் வெட்டுற வேலை இதுல சரிப்படாது, அதுக்கு கிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்குப் போங்க, அது ஃப்ரீ. லைட்பர்ன் காசுதான், 30 நாள் ட்ரையல் இருக்கு.

மரம் வெளிர் கலரா, ரேகை கம்மியா இருக்கணும், பிர்ச் பிளைவுட் சூப்பர். தேக்குல முகம் பொறிக்கணும்னு கேக்குறவங்களுக்கு தயவுசெஞ்சு எடுத்துச் சொல்லுங்க, அந்த ரேகை மூக்கு மேலயே ஓடும்.