யூபிஎஸ் அறைக்கு சென்சர் பூட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கல்லடியில் சின்ன இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று நடத்துகிறேன். கரண்ட் நின்றாலும் பற்றரியிலிருந்து இயந்திரங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற யூபிஎஸ்ஸும் அதன் நான்கு பற்றரிகளும் பின்னறையில் இருக்கின்றன. அறை சூடாகினால் போனுக்குத் தகவல் வரவேண்டும் என்று வெப்பமும் ஈரப்பதனும் பார்க்கிற சென்சர் பூட்டக் கொடுத்தேன். கூலியோடு 68,000 ரூபா. பில்லில் ‘எச்சரிக்கை எல்லை அமைத்தல், பரிசோதித்தல்’ என்று தனி வரியே இருந்தது. வேலை முடிந்ததும் அந்தத் தம்பி பச்சை லைற்றைக் காட்டி, “அக்கா, இனி ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்” என்றார். நம்பிக் காசைக் கொடுத்துவிட்டேன்.

சூடான கச்சான் காற்று அடிக்கிற நாட்கள். ஒரு சனி பின்னேரம் நாங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு கரண்ட் போய் வந்திருக்கிறது. யூபிஎஸ் தாங்கிக்கொண்டது, ஏசி தானாகத் திரும்ப ஓடவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தால் சூடும் அழுகிய முட்டை மணமும் முகத்தில் அடித்தது. அந்த மணம் வந்தால் உள்ளே போகக் கூடாது, அது நச்சுவாயு. தெரியாமல் நான் போனேன். இரண்டு பற்றரிகள் பக்கம் வீங்கி, பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே முடியவில்லை. போனில் ஒரு தகவலும் இல்லை.

வேறொருவரைக் கூப்பிட்டு அமைப்பைத் திறந்து பார்த்தோம். சென்சர் ஒழுங்காகத்தான் பதிந்திருந்தது: ஞாயிறு மத்தியானம் 43 பாகை. ஆனால் எச்சரிக்கும் மேல் எல்லை 60. பெட்டியோடு வந்த இலக்கம், யாரும் தொடவேயில்லை. தகவல் போகவேண்டிய மின்னஞ்சல் இடம் வெறுமையாகக் கிடந்தது. சென்சரைக் கட்டியிருந்ததும் ஏசிக் காற்று நேரே விழுகிற சுவரில்தான். அதில் 21 என்று காட்டும்போதே பற்றரிப் பெட்டியில் கை வைத்தால் வெதுவெதுக்கும். பரிசோதிக்கக் காசு வாங்கியவர் ஒரே ஒரு தடவை பரிசோதித்திருந்தால் இவ்வளவும் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தம்பி இப்போது போனையும் எடுப்பதில்லை.

எங்களிடம் இருப்பது போன்ற ஈய அமிலப் பற்றரிக்குச் சொல்கிற ஆயுள் 25 பாகைக்கு உரியது. அதற்கு மேல் சுமார் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். அப்படியிருக்க 60 என்ற எல்லையால் என்ன பயன்? இப்போது சென்சர் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 28இல் முதல் தகவல், 32இல் அவசரத் தகவல். 2 பாகை இறங்கிய பிறகுதான் எச்சரிக்கை அடங்கும், இல்லாவிட்டால் வெப்பம் எல்லையில் ஏறி இறங்க விடிய விடிய போன் அலறும். ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் கொழுவிவிட்டோம். கரண்ட் போகிற நேரத்தில் அது நின்றால் தகவல் எப்படி வரும்?

யாரிடம் கொடுத்தாலும் உங்கள் கண்முன்னே சென்சரைச் சூடாக்கிக் காட்டச் சொல்லுங்கள். தகவல் உங்கள் போனுக்கே வரட்டும், அப்புறம் காசு. புதிதாக வந்தவரிடம் சுடுநீர்ப் போத்தலைக் கொடுத்து சென்சரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். மூன்று நிமிடத்துக்குள் போன் அடித்தது.